கார்புரேட்டர்: அடைப்பும் துப்புரவும்

மலேசியாவில் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று; அது பிழைப்புக்கான கருவி. விடியும் முன்னே ரப்பர் மரம் வெட்டப் புறப்படுவோர், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் திரும்புவோர், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்வோர், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு விரைவோர் எனப் பலரும் ‘கப்சாய்’ எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கின்றனர். ஒரு நாள் காலையில் அது உயிர்பெற மறுத்தால் அன்றைய கூலி போய்விடும். பழைய வண்டிகளில் இத்தகைய தடங்கலுக்கு அடிக்கடி காரணமாக அமைவது, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் உலோகப் பகுதிதான். அதன் பெயர் கார்புரேட்டர்.

புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் கருவி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. எனினும், ஹோண்டா இஎக்ஸ்5, யமஹா ஆர்எக்ஸ்-இசட் ஆகியவற்றின் பழைய வண்டிகள் இந்நாட்டுச் சாலைகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் கார்புரேட்டரைத் தூய்மை செய்யப் பெரிய பட்டறை தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். ஆனால், இது பெட்ரோலோடு செய்யும் வேலை. கவனக்குறைவு ஆபத்தில் முடியும். ஆகவே, வேலையின் முறையோடு அதன் எல்லையையும் அறிந்துகொள்வது அவசியம்.

காற்றும் பெட்ரோலும் கலக்கும் இடம்

இயந்திரத்தினுள் பெட்ரோல் மட்டும் எரிவதில்லை. காற்றோடு கலந்த பெட்ரோலே எரிகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவையை ஏறத்தாழச் சரியான அளவில் உருவாக்குவதே கார்புரேட்டரின் பணி.

கார்புரேட்டரின் நடுவே ஒரு காற்றுக்குழல் உள்ளது. அதன் ஒரு பகுதி குறுகலாக இருக்கும். அகலமான ஆறு குறுகிய பாலத்தின் அடியில் வேகமாகப் பாய்வதைப் போல, காற்றும் அந்தக் குறுகலில் வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இத்தாலிய அறிவியலாளர் வெஞ்சூரியின் பெயரால் இவ்வமைப்பு ‘வெஞ்சூரி’ என்று அழைக்கப்படுகிறது. கீழேயுள்ள கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோலின் மீது வளிமண்டல அழுத்தம் இயல்பான அளவில் இருக்கிறது. மேலே அழுத்தம் குறைந்ததும், பெட்ரோல் மெல்லிய துளைகளின் வழியாக மேலேறிக் காற்றில் தூவப்படுகிறது. கொசு மருந்து தெளிக்கும் பழைய கைப்பம்பும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது.

கிண்ணத்தில் பெட்ரோலின் அளவைக் காப்பது ஒரு மிதவை. பெட்ரோல் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து ஊசி வால்வை மூடும், குறைந்தால் திறக்கும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவையும் இவ்வாறே செயல்படுகிறது. பெட்ரோலை அளந்து விடுபவை ‘ஜெட்’ எனப்படும் துளையிட்ட பித்தளைத் திருகாணிகள். வண்டி நின்றபடி மெதுவாக இயங்கும்போது ‘ஸ்லோ ஜெட்’ பணியாற்றும். முடுக்கியை நன்கு திருகி வேகமாகச் செல்லும்போது ‘மெயின் ஜெட்’ பணியாற்றும். சிறிய வண்டிகளின் ஸ்லோ ஜெட் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டது. ஒரு சிறு தூசு போதும், அந்த வழி அடைபட்டுவிடும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. வண்டி நீண்ட நாள் அசையாமல் நின்றால் எளிதில் ஆவியாகும் கூறுகள் முதலில் வெளியேறிவிடும். எஞ்சிய கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பசை போன்ற பழுப்பு நிறப் படிவமாக மாறும். அது உலர்ந்ததும் மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷைப் போல இறுகிவிடும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எண்ணற்ற வண்டிகள் வாரக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நின்றன. அவ்வாறு நிற்கும் வண்டிகளில்தான் இத்தகைய படிவம் உருவாக வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது எதிரி நீர். மழைநீர் தொட்டி மூடியின் விளிம்பு வழியாகக் கசியலாம். ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தொட்டிக்குள் நீர்த்துளிகளாகப் படியலாம். நீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கது. ஆதலால், அது கிண்ணத்தின் அடிப்பகுதியில் தங்கிவிடுகிறது. கார்புரேட்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாகம் அல்லது அலுமினியம் கலந்த உலோகத்தால் ஆனது; ஜெட்டுகளோ பித்தளையால் ஆனவை. வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், வினைபுரியும் ஆற்றல் மிகுந்த உலோகம் விரைவாக அரிக்கப்படும் என்பது வேதியியல் பாடம் கற்பிக்கும் உண்மை. கார்புரேட்டரைத் திறக்கும்போது காணப்படும் வெள்ளைத் தூள், அரிக்கப்பட்ட துத்தநாகம் அல்லது அலுமினியத்தின் அடையாளம். பித்தளையில் காணப்படும் பச்சைக் கறை, அதிலுள்ள செம்பு அரிக்கப்பட்டதைக் காட்டும். செம்பழுப்பு நிறத் துகள்கள் இருந்தால் அவை கார்புரேட்டருக்கு உரியவை அல்ல. எரிபொருள் தொட்டியின் உட்புறத்தில் பிடித்த துருவே கீழே இறங்கியுள்ளது.

அறிகுறிகள் சொல்லும் செய்தி

வண்டியின் நடத்தையை உற்றுநோக்கினால் கோளாறு எங்குள்ளது என்பதை ஓரளவு கணிக்கலாம். சோக்கை இழுத்தால் மட்டும் வண்டி இயங்கி, அதை விட்டதும் நின்றுவிட்டால் ஸ்லோ ஜெட் அடைபட்டிருக்கலாம். மெதுவாக நன்றாக ஓடி, வேகமெடுக்கும்போது திணறினால் மெயின் ஜெட்டைச் சோதிக்க வேண்டும். கிண்ணத்தின் வடிகுழாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஊசி வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள்.

எனினும், அறிகுறி என்பது முடிவான சான்று ஆகாது. அழுக்கேறிய காற்று வடிகட்டியும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் இதே தொல்லைகளைத் தரக்கூடும். அவற்றைச் சோதிப்பது எளிது என்பதால் அவற்றையே முதலில் பார்ப்பது அறிவுடைமை. கார்புரேட்டரைக் கழற்றுவது அடுத்த கட்டம்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று, அடுத்த அறையிலுள்ள அடுப்பையோ சாமி மேடை விளக்கையோ எட்டலாம். தீ அங்கிருந்து ஆவியின் வழியே திரும்பி வந்துவிடும். ஆகவே, இவ்வேலையைச் சமையலறையிலோ மூடிய கொட்டகையிலோ செய்யக்கூடாது. காற்றோட்டமான திறந்தவெளியே ஏற்ற இடம். அருகில் யாரும் புகைபிடிக்கக்கூடாது, கொசுவர்த்தியும் எரியக்கூடாது. இயந்திரம் முழுவதும் ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயின் மீது நீரை ஊற்றினால் எரியும் பெட்ரோல் நீரின் மேல் மிதந்து பரவும். தீ இன்னும் பெரிதாகும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் எண்ணெய்க்குத் தாங்கும் கையுறையும் கட்டாயம் அணிய வேண்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுப்பதும், அதைக் கொண்டு கை கழுவுவதும் உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கும் பழக்கங்கள். மாணவர்கள் இவ்வேலையில் ஈடுபட விரும்பினால், அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

கழற்றும் ஒழுங்கு

முதலில் எரிபொருள் வரும் வழியை மூட வேண்டும். பின்னர், கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்தி, உள்ளிருக்கும் பெட்ரோலை ஓர் உலோகக் கலத்தில் சேகரிக்க வேண்டும். உணவு கட்டித்தரும் பாலிஸ்டைரின் பெட்டியைப் பயன்படுத்தக்கூடாது. பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். சேகரித்த பெட்ரோலைச் சற்று நேரம் அசைக்காமல் வைத்தால், நீர் இருந்தால் அடியில் தனித்துத் தெரியும். இந்த எளிய சோதனையே பாதிக் கோளாற்றைக் கண்டுபிடித்துவிடும்.

கார்புரேட்டரை வண்டியிலிருந்து எடுத்ததும் அதன் வெளிப்புறத்தைச் சவர்க்கார நீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும். இல்லையேல், வெளியே உள்ள மண்ணே உள்ளே புகுந்துவிடும். ஒவ்வொரு பகுதியையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. கழற்றியவற்றை வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக அடுக்கினால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இராது.

திருகாணிகளைக் கழற்றுவதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தோல்வியடைகின்றனர். ஜப்பானியத் தயாரிப்பு வண்டிகள் பலவற்றில் கூட்டல் குறி வடிவத் திருகாணிகள் ஜப்பானியத் தொழில்தரத்தின்படி அமைந்தவை. சாதாரணக் கூட்டல் குறித் திருப்புளி அவற்றில் முழுமையாகப் பொருந்தாது. பலமாகத் திருகினால் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். பொருத்தமான திருப்புளியை நேராக அழுத்திப் பிடித்துத் திருக வேண்டும். இறுகிப்போன திருகாணிக்குத் துருநீக்கும் எண்ணெய் இட்டுச் சில மணி நேரம் காத்திருக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கு முற்றிலும் பொருந்தும்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் கலவைத் திருகாணி ஒன்று இருக்கும். அதைக் கழற்றும் முன், மெதுவாக உள்நோக்கித் திருகி, எத்தனை சுற்றில் அடிவரை சென்று நிற்கிறது என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் பூட்டும்போது அதே எண்ணிக்கையில் வெளியே திருகினால் பழைய அளவு கிடைத்துவிடும். அடிவரை சென்றதும் மேலும் இறுக்கினால் கூர்முனை சிதைந்துவிடும்.

துப்புரவு

ரப்பர் வளையங்களையும் மிதவையையும் முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். கார்புரேட்டர் துப்புரவு நீர்மம் ரப்பரை உப்பச் செய்துவிடும். பின்னர், உலோகப் பகுதிகளில் அந்நீர்மத்தைத் தெளித்துச் சற்று ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் மென்மையாகத் தேய்க்க வேண்டும். பழுப்புப் படிவம் ஒரே முறையில் போகாது. தேய்த்து, தெளித்து, மீண்டும் ஊறவிடுவதே முறை.

ஜெட்டுகளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் துளை திறந்துள்ளதா என்பது தெரியும். நிலா போல வட்டமாக ஒளி தெரிய வேண்டும். அடைபட்டிருந்தால், தூண்டிலுக்குப் பயன்படும் மெல்லிய நைலான் இழையைத் துளைக்குள் செலுத்தலாம். எஃகுக் கம்பியையோ ஊசியையோ கொண்டு குத்தக்கூடாது. பித்தளை மென்மையான உலோகம். எஃகு அதைச் சுரண்டித் துளையை அகலமாக்கிவிடும். துளை அகன்றால் பெட்ரோல் மிகுதியாகச் செல்லும். அன்று முதல் வண்டி கரும்புகை கக்கும். அடைப்பை நீக்கப் போய் அளவையே கெடுத்துவிடுவது, நோய்க்கு மருந்து கொடுக்கப்போய் நோயாளியைக் கெடுத்த கதைபோல் ஆகிவிடும்.

கார்புரேட்டரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பல வழிகள் உள்ளன. ஒவ்வொரு துளையிலும் நீர்மத்தைத் தெளித்து, அது மறுமுனையில் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, காற்றடித்து உலர்த்த வேண்டும். ஒரு துளையில் தெளித்த நீர்மம் எதிர்பாராத வேறொரு துளையிலிருந்து முகத்தை நோக்கிப் பீறிடுவது வழக்கம். பாதுகாப்புக் கண்ணாடியை இந்தக் கட்டத்தில் ஒரு நொடிகூடக் கழற்றக்கூடாது.

வெள்ளை அரிப்புக்குப் பலர் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பரிந்துரைப்பர். அமிலம் அரிப்புத் தூளைக் கரைப்பது உண்மைதான். ஆனால், துத்தநாகமும் அலுமினியமும் அமிலத்தோடு வினைபுரியும் உலோகங்கள். இரவு முழுவதும் ஊறவைத்தால், அழுக்கு நீங்கிய பின் அமிலம் நல்ல உலோகத்தையே தின்னத் தொடங்கும். ஆகவே, பல்துலக்கிக்கு அசையாத அரிப்புக்கு மட்டும், நீர் கலந்த வினிகரைச் சில நிமிடங்கள் இட்டு, கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். பின்னர், சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, நல்ல நீரில் அலசி, உடனே உலர்த்திவிட வேண்டும். அரிப்பு ஆழமான குழிகளை உண்டாக்கியிருந்தால் எந்தத் துப்புரவும் அதை நிரப்பாது.

ஊசி வால்வின் முனையையும் பார்க்க வேண்டும். முனையைச் சுற்றி வளையம்போல் தேய்மானம் இருந்தால் புதியது மாற்ற வேண்டும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலப்புக் கேட்கும். அத்தகைய மிதவை மிதக்காது. கிண்ணம் நிரம்பி வழியும்.

பூட்டுதலும் சோதித்தலும்

கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் பூட்ட வேண்டும். ஜெட்டுகளை அளவாக இறுக்கினால் போதும். அதிகமாக இறுக்கினால் புரி அறுந்துவிடும். கிழிந்த கேஸ்கெட்டையும் வெடிப்பு விட்ட ரப்பர் வளையத்தையும் மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய பிழை ஒன்று இந்தக் கட்டத்தில்தான் நேர்கிறது. முடுக்கிக் கம்பியோடு இணைந்த தடுப்பு உருளை, கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் நகர்ந்து காற்றின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. அதைத் திசை மாற்றிப் பூட்டினாலோ, அது பாதியில் சிக்கிக்கொண்டாலோ, முடுக்கியை விட்ட பிறகும் இயந்திரம் உச்ச வேகத்தில் இரையும். சாலையில் இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே, இயந்திரத்தை முடுக்கும் முன்னரே, முடுக்கியை முழுமையாகத் திருகி விட வேண்டும். உருளை ‘டக்’கென்ற ஒலியுடன் கீழே விழ வேண்டும். கைப்பிடியை இடப்புறமும் வலப்புறமும் முழுமையாகத் திருப்பி இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஒருமுறை தயங்கினாலும் வண்டியை ஓட்டக்கூடாது.

அதன்பின், பெட்ரோலைத் திறந்துவிட்டுச் சில நிமிடங்கள் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். கசிவு இல்லையெனில் திறந்தவெளியில் இயந்திரத்தை முடுக்கலாம். மூடிய இடத்தில் புகையோடு வெளிவரும் கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. இயந்திரம் சூடான பிறகு, வண்டியின் கையேட்டில் கூறப்பட்ட அளவுக்கு மெதுவோட்ட வேகத்தைச் சரிசெய்யலாம்.

உடல் வெடித்த கார்புரேட்டர், அறுந்த புரி, புதிய ஊசி வால்வுக்குப் பின்னும் நிற்காத கசிவு ஆகியவை வீட்டில் தீர்க்கக்கூடியவை அல்ல. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை. தன்னால் இயலாதது எது என்று அறிவதும் தொழில்திறனின் ஒரு பகுதியே.

எஞ்சிய கழிவு

வேலை முடிந்ததும் கலத்தில் அழுக்குப் பெட்ரோலும் துப்புரவு நீர்மமும் எஞ்சியிருக்கும். அதைச் சாக்கடையில் கொட்டிவிடுவது எளிது. ஆனால், சாக்கடை ஆற்றில்தான் சேர்கிறது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர், பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த நச்சு வாயுவால் மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு குவளைப் பெட்ரோல் அந்த அளவுக்குப் பேரழிவைத் தராது என்பது உண்மை. ஆயினும், சிறு துளி பெரு வெள்ளம் என்பது நன்மைக்கு மட்டுமா பொருந்தும்? கழிவை இறுக மூடிய உலோகக் கலத்தில் சேமித்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையினரிடம் கேட்டு அவர்கள் ஏற்கும் முறையில் ஒப்படைக்க வேண்டும். பெட்ரோலில் நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல், திறந்தவெளியில் விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

மீண்டும் அடைக்காமல் இருக்க

துப்புரவு செய்த கார்புரேட்டர் ஒரே மாதத்தில் மீண்டும் அடைபட்டால், குறை துப்புரவில் இல்லை. அழுக்கு வரும் வழி இன்னும் திறந்திருக்கிறது. தொட்டிக்குள் கைவிளக்கின் ஒளியைச் செலுத்தித் துரு உள்ளதா என்று பார்க்க வேண்டும். துரு இருந்தால் தொட்டியைத் தூய்மை செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது வீண் உழைப்பு. தொட்டிக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள எரிபொருள் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். தொட்டி மூடியின் ரப்பர் வளையம் கெட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

விடுமுறைக்காகப் பல வாரம் வெளியூர் செல்வோர், புறப்படும் முன் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடலாம். வடிதிருகாணியைத் தளர்த்தி மூட ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடம், பின்னாளில் அரை நாள் வேலையையும் ஒரு நாள் கூலியையும் காப்பாற்றித் தரும்.